பிக்ஸீஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

பாஸ்டன் ராக் குழு பிக்ஸீஸ் பற்றி எழுதுவதாகச் சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். நான் விமர்சகன் இல்லை. கல்லூரியில் பேஸ் கிட்டார் (அடித்தளமாக ஒலிக்கும் கனமான சுரங்களுக்கான கிட்டார்) வாசித்தவன், இந்தக் குழுவை இருபது வருடமாக விடாமல் கேட்பவன். என் தகுதி அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, ‘ஃபைட் கிளப்’ படத்தோட கடைசியில வர்ற பாட்டு மட்டும்தான் தெரியும். இவங்க யாரு, எங்கிருந்து வந்தாங்க?

அந்தப் பாட்டு ‘வேர் இஸ் மை மைண்ட்?’. படம் 1999இல் வந்தது, பாட்டு 1988இல் வந்தது. படம் பிரபலமானபோது குழு கலைந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர்கள் ராசி அப்படி.

சார்லஸ் தாம்சனும் ஜோயி சான்டியாகோவும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பழக்கமானவர்கள். ஜோயி மணிலாவில் பிறந்தவர். சார்லஸ் மாணவர் பரிமாற்றத்தில் ஆறு மாதம் புவேர்ட்டோ ரிக்கோ போனார். திரும்பியதும் இருவரும் படிப்பை விட்டுவிட்டு பாஸ்டனுக்கு மூட்டை கட்டினார்கள். குழு தொடங்கியது 1986இல். அகராதியைப் புரட்டிப் பெயர் வைத்தவர் ஜோயி. பாடகர் சார்லஸ் தன் பெயரை பிளாக் ஃபிரான்சிஸ் என்று மாற்றிக்கொண்டார், ஜோயி கிட்டார்.

கேள்வி: கிம் டீல் பேஸ் வாசிக்கத் தெரியாமலே குழுவில் சேர்ந்தார் என்பது நிஜமா?

நிஜம். பேஸ் வாசிக்க ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். ‘ஹஸ்கர் டூ’வும் ‘பீட்டர், பால் அண்ட் மேரி’யும் பிடித்தவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒன்று காதைக் கிழிக்கும் பங்க், மற்றது அம்மாக்கள் கேட்கும் நாட்டுப்பாடல். இரண்டும் பிடிக்கும் என்று ஊரில் யார் வருவார்கள்? கிம் ஒருவர்தான் வந்தார், அதுவும் பேஸ் இல்லாமல். அதுவரை அவர் அதை வாசித்ததே இல்லை. இரட்டைச் சகோதரி கெல்லியின் பேஸைக் கடன் வாங்கித்தான் ஆரம்பித்தார். டிரம்ஸுக்கு டேவிட் லவரிங்கை அழைத்துவரச் சொன்னது கிம்மின் அப்போதைய கணவர். டேவிட் மின்னணுப் பொறியியல் படித்தவர்.

புதிதாகக் கற்றவர் என்பதாலேயே கிம்முக்கு விரல் வித்தை காட்டும் ஆசை இல்லை. ஒரே சுரத்தை எட்டு முறை தட்டச் சொன்னால் எட்டு முறை தட்டுவார். அந்த அடக்கம் இல்லையென்றால் இந்தக் குழுவே இல்லை.

கேள்வி: ‘மெதுவாக ஆரம்பித்து திடீரென்று கத்துவது’, இதுதானே இவர்கள் ஃபார்முலா? இதில் என்ன பெரிய விஷயம்?

எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். பாதிதான் சரி.

‘டேம்’ என்ற பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டு நிமிடம்கூட இல்லை. பேஸில் மூன்றே சுரங்கள், தொடக்கம் முதல் முடிவுவரை அதே மூன்றுதான். முதலில் பேஸும் டிரம்ஸும் மட்டும். ஃபிரான்சிஸ் யாரோ பக்கத்து அறையில் தூங்குவதுபோலக் கிசுகிசுக்கிறார். பல்லவி வந்ததும் கிட்டார்கள் ஒன்றாக விழுகின்றன, தொண்டை கிழியக் கத்துகிறார். கவனியுங்கள், சுரம் மாறவில்லை, வேகம் மாறவில்லை, பேஸ் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு நடுவில் ஓர் இடம்: ஃபிரான்சிஸ் ஓடி வந்தவர் மாதிரி தாளத்தோடு மூச்சு வாங்க, அதன்மேல் கிம் தாலாட்டுப்போல ஹம்மிங் செய்கிறார். எனக்கு அந்தக் கத்தலைவிட இந்த இடம்தான் பயம் தருகிறது.

ஆக, வித்தை சத்தத்தில் இல்லை. சரணத்தில் கிட்டாரை வாசிக்காமல் சும்மா இருக்கிறார்கள் பாருங்கள், அதில் இருக்கிறது. கிட்டார் கையில் இருப்பவனைச் சும்மா இருக்கச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

கேள்வி: சார், நான் கிட்டார் கற்கிறேன். ‘வேர் இஸ் மை மைண்ட்?’ கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எளிதாக இருக்கின்றன, ஆனால் ஏதோ வினோதமாக ஒலிக்கிறதே?

நல்ல காது உங்களுக்கு. ஈ மேஜர், சி ஷார்ப் மைனர், ஜி ஷார்ப் மேஜர், ஏ மேஜர். மூன்றாவதுதான் குறும்பு. ஈ மேஜர் ஸ்கேலில் அந்த இடத்துக்கு உரியது ஜி ஷார்ப் மைனர். அதை மேஜராக்கியிருக்கிறார்கள். ஒரு சுரம் அரைப்படி ஏறுகிறது, அவ்வளவுதான். ஆனால் கால் வைத்த படி கொஞ்சம் உயரமாக இருந்ததுபோல ஒரு தடுமாற்றம் வருகிறது. மைனராக மாற்றி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பாட்டு உடனே சாதுவாகிவிடும்.

மைனர் எதிர்பார்க்கும் இடத்தில் மேஜர் வைப்பது ஃபிரான்சிஸின் பழைய பழக்கம். இந்தப் பாட்டில் மட்டும் இல்லை, தேடினால் நிறைய அகப்படும்.

கேள்வி: நிர்வாணா இவர்களைக் காப்பி அடித்ததா?

நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேனே ஒப்புக்கொண்ட விஷயம். ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ எழுதும்போது பிக்ஸீஸைத்தான் நகலெடுக்கப் பார்த்தேன் என்று 1994இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். பிக்ஸீஸின் ‘சர்ஃபர் ரோசா’ தொகுப்பைப் பதிவு செய்த ஸ்டீவ் அல்பினியிடமே பின்னர் நிர்வாணா தங்கள் ‘இன் யூட்டரோ’ தொகுப்பையும் ஒப்படைத்தார்கள். கடன் வாங்கியவர் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பிறகு நாம் பஞ்சாயத்து வைக்க ஒன்றுமில்லை.

கேள்வி: ‘சர்ஃபர் ரோசா’வா, ‘டூலிட்டில்’லா? ஒன்றைச் சொல்லுங்கள்.

சண்டை மூட்டுகிறீர்கள். இரண்டும் பிக்ஸீஸ் தொகுப்புகள், முதலாவது 1988, இரண்டாவது 1989.

அல்பினி ‘சர்ஃபர் ரோசா’வுக்கு வாங்கியது 1,500 டாலர். ராயல்டி வேண்டாம் என்பது அவர் கொள்கை. எதிரொலிக்காகக் கருவி தேடாமல் கிம்மைக் குளியலறையில் நிற்கவைத்துப் பாட வைத்தார். ‘வேர் இஸ் மை மைண்ட்?’டில் பின்னால் மிதக்கும் அந்தக் குரல் ஓடு பதித்த சுவரில் பட்டுத் திரும்பியதுதான். டிரம்ஸ் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் இருக்கும்.

‘டூலிட்டில்’லைத் தயாரித்தவர் கில் நார்ட்டன். அவர் ஒழுங்கானவர். பாட்டுகள் ரொம்பச் சின்னதாக இருக்கின்றன, நீட்டலாமே என்றார். ஃபிரான்சிஸ் அவரை இசைத்தட்டுக் கடைக்குக் கூட்டிப்போய் ஐம்பதுகளின் ராக் பாடகர் பட்டி ஹாலியின் தொகுப்பு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். அதில் பெரும்பாலான பாட்டுகள் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். வாதம் அத்தோடு முடிந்தது. ‘டூலிட்டில்’ 15 பாட்டு, 39 நிமிடத்துக்குள்.

என் கட்சி ‘டூலிட்டில்’. என் நண்பர்கள் யாரும் ஏற்கமாட்டார்கள்.

கேள்வி: பாட்டு வரிகளுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

சிலவற்றுக்கு உண்டு. ‘டிபேசர்’ பாட்டு லூயிஸ் புனுவலின் 1929ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றியது, கண்ணைச் சவரக்கத்தியால் அறுக்கும் அந்தப் படம்தான். ‘கவுஜ் அவே’ சிம்சோன் கதை. ‘டெட்’ தாவீது ராஜாவும் பத்சேபாளும். ஃபிரான்சிஸ் சிறுவயதில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவர். பைபிளின் ரத்தமும் பாவமும் அங்கிருந்து ஒட்டிக்கொண்டவை. அவர் கத்தலில்கூடப் பிரசங்கியார் வாடை அடிக்கும். ‘வாமோஸ்’, ‘இஸ்லா டி என்கான்டா’வில் வரும் அரைகுறை ஸ்பானிஷ் அந்த ஆறு மாதத்தில் புவேர்ட்டோ ரிக்கோவில் பொறுக்கியது.

மற்ற வரிகள் வாயில் நன்றாக ஒலித்ததால் வந்தவை. அர்த்தம் தேடி மண்டையை உடைக்க வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவில் ஏன் எடுபடவில்லை?

‘டூலிட்டில்’ விற்பனைப் பட்டியலில் பிரிட்டனில் 8ஆம் இடம், சொந்த நாட்டில் 98ஆம் இடம். அவர்களை முதலில் நம்பியதே லண்டனின் ஃபோர் ஏடி இசைத்தட்டு நிறுவனம். தவிர, விளம்பரத்துக்கு வளைந்துகொடுக்க மாட்டார்கள். 1990இல் ‘வெலூரியா’ பாட்டுக்கு வீடியோ கேட்டார்கள். நால்வரும் ஒரு கல் குவாரியில் பாறைகள்மேல் ஓடி இறங்கினார்கள். 23 நொடி. அதையே இழுத்து முழுப் பாட்டுக்கும் ஓட்டிவிட்டார்கள்!

கேள்வி: ஃபிரான்சிஸுக்கும் கிம்முக்கும் என்ன தகராறு?

எங்கும் நடப்பதுதான். கிம்முக்குப் பாட்டு எழுத வரும், இங்கே இடம் கிடைக்கவில்லை. கூட்டத்தைப் பித்துப்பிடிக்க வைத்த ‘ஜைஜான்டிக்’ அவர் பாடியது. அப்படியும் குழு கலைவதற்கு முந்தைய கடைசி இரண்டு தொகுப்புகளில் அவர் குரல் தேய்ந்துபோனது. அவர் தனியாக ‘பிரீடர்ஸ்’ குழுவைத் தொடங்கினார்.

1993 தொடக்கத்தில் பிபிசி வானொலிப் பேட்டி ஒன்றில் குழு முடிந்தது என்றார் ஃபிரான்சிஸ். ஜோயிக்குத் தொலைபேசியில் சொன்னார். கிம்முக்கும் டேவிட்டுக்கும் ஃபேக்ஸ். ஏழு வருடம் ஒரே வேனில் போனவர்களுக்கு ஃபேக்ஸ்! அவர் பாட்டுகளை நேசிக்கும் எனக்கே இது ஜீரணமாகவில்லை. அதே வருடம் ‘பிரீடர்ஸ்’ஸின் ‘லாஸ்ட் ஸ்பிளாஷ்’ அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. டேவிட் மேடை வித்தைக்காரரானார்.

கேள்வி: மறுபடி சேர்ந்த பிறகு வந்தவை கேட்கலாமா?

2004இல் நால்வரும் சேர்ந்து ஊர் ஊராக வாசித்தார்கள், கூட்டம் அள்ளியது. புதுத் தொகுப்பு பதிவாகத் தொடங்கிய சமயத்தில் கிம் விலகினார், 2013இல் அதை அறிவித்தார்கள். ‘இண்டி சிண்டி’யில் தொடங்கி வந்தவை எல்லாம் அவர் இல்லாதவை. பாஸ் லென்சான்டின் பத்து வருடம் நன்றாகவே வாசித்தார். 2024 முதல் எம்மா ரிச்சர்ட்சன். 2019இன் ‘பினீத் தி ஐரீ’ எனக்குப் பிடிக்கும். மற்றவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை, திரும்பப் போடவும் தோன்றவில்லை. முன்பு சும்மா விட்ட இடைவெளியையெல்லாம் இப்போது அடைத்து வைக்கிறார்கள்.

கேள்வி: அக்கா பேஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். முதலில் எந்தப் பாட்டு வாசிக்கட்டும்?

‘டிபேசர்’. பேஸ் மட்டும் தனியாகத் தொடங்கும், ஒளிய இடமே இல்லை. விரலால் வேண்டாம், கிம்மைப்போல பிக் (தந்தியைத் தட்டும் சின்னத் தகடு) பிடித்து வாசியுங்கள். எல்லா அடியும் கீழ்நோக்கி, ஒரே அழுத்தத்தில். முதல் நாள் மணிக்கட்டு வலிக்கும். இரண்டாம் நாள் நடுவில் எதையாவது செருகலாமா என்று கை பரபரக்கும். செருகாதீர்கள்.