வீல் ஆர்ச்சில் வெள்ளைப் படலம்

கார் பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சிவப்பு ஹேட்ச்பேக், வாங்கி ஐந்து வருடம். ரப்பிங், பாலிஷ், வேக்ஸ் என்று மூன்று தடவை தேய்க்கப் பொறுமையில்லாமல் ஆல்-இன்-ஒன் பாலிஷ் ஒன்றை வாங்கிப் போட்டேன். பெயின்ட் நன்றாக வந்துவிட்டது. ஆனால் வீல் ஆர்ச், பம்பரின் அடிப்பகுதி, வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் எல்லாம் ஓரம் வெளுத்துப் போச்சு. பிளாஸ்டிக்கில் பட்டாலும் கறை விடாத பாலிஷ் எது?
(வாசகர், ஓசூர்)

பதில்: பிளாஸ்டிக் கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். பெயின்ட் அடிக்காத அந்தக் கறுப்பு பாகங்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகை. மேற்பரப்பைத் தோல் மாதிரி சொரசொரப்பாக, குழிகுழியாக வார்த்திருப்பார்கள். பாலிஷில் தேய்த்துக் கொடுக்கும் துகள் பலவற்றில் அலுமினியம் ஆக்சைடு; அதன் நிறமே வெள்ளை. அது குழிக்குள் போய் உட்கார, கூட வந்த மெழுகும் எண்ணெயும் காய்ந்து அதை அங்கேயே பிடித்துவைக்கின்றன. பெயின்டில் இருப்பதைத் துணி வழித்து எடுத்துவிடும். குழிக்குள் துணி இறங்காது, அவ்வளவுதான்.

அதனால் பாட்டிலில் 'டிரிம் சேஃப்' (டிரிம் என்றால் இந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள்) என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பெரும்பாலும் அதற்கு அர்த்தம் 'பட்டால் சுலபமாகத் துடைக்கலாம்' என்பதுதான்; 'படவிடலாம்' என்பது அல்ல. லேபிளிலும் கம்பெனி தரும் பாதுகாப்புத் தகவல் தாளிலும் வேறு மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, எதில் கரைத்திருக்கிறார்கள் என்பது. நாஃப்தா, பெட்ரோலியம் டிஸ்டிலேட் என்று பட்டியலின் தொடக்கத்திலேயே வந்தால், மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை தூக்கினால், அது பிளாஸ்டிக்கிலும் ரப்பர் பீடிங்கிலும் ஊறக்கூடிய சரக்கு. தண்ணீர் அடிப்படையிலானது என்றால் ஈரத்துணிக்கே பெரும்பாலும் வந்துவிடும். இரண்டாவது, பாதுகாப்புக்கு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது. டப்பாவில் வரும் கெட்டியான கார்னோபா (ஒரு பனை இலை மெழுகு) பேஸ்ட் காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி நிற்கும். பாலிமர் சீலன்ட் (மெழுகுக்குப் பதிலான செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) சேர்த்த திரவ வகை அந்த அளவுக்கு நிற்காது. மூன்றாவது, எவ்வளவு தேய்க்கும் என்பது. துகள் இல்லாமல் ரசாயனத்தால் மட்டும் அழுக்கெடுக்கும் ஆல்-இன்-ஒன்களும் உண்டு. டிரிம்முக்கு அவைதான் மிகச் சாது. ஆனால் வெயிலில் வட்டவட்டமாகத் தெரியும் கீறல்களை அவை எடுக்காது. எண்ணெய் நிரப்பி மறைக்கும், நாலு வாஷில் பழையபடி தெரியும். ஐந்து வருடச் சிவப்புக்கு லேசான துகள் உள்ள, தண்ணீர் அடிப்படையிலான திரவம் போதும் என்பேன். 'ஹெவி கட்' (அதிகமாகத் தேய்த்தெடுக்கும் வகை) என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள்.

எதை வாங்கினாலும் முதல் சோதனை பின் பம்பரின் கீழ் உதட்டில், யார் கண்ணிலும் படாத இடத்தில். பாட்டிலை நன்றாகக் குலுக்கி (துகள் அடியில் தங்கியிருக்கும்) ஒரு சொட்டை விரலால் தேய்த்து, பத்து நிமிடம் காயவிட்டு, ஈர மைக்ரோஃபைபரால் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது எந்தக் கறையும் தெரியாது. முழுதாகக் காய்ந்த பிறகு பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் அதே வெள்ளைக் கறைதான். மெக்கானிக் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். இரண்டு நாள் கறுகறுவென்று இருந்தது, அப்புறம் முன்பைவிட மோசம். என்ன செய்வது?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: எண்ணெய் கறையை எடுக்காது, நனைத்துக் காட்டும். அந்த எண்ணெயில் ரோட்டுப் புழுதி ஒட்டி, இப்போது கறையும் புழுதியும் சேர்ந்து நிற்கிறது. மண்ணெண்ணெய், பெட்ரோல் வைத்துத் துடைக்கவும் வேண்டாம். ரப்பர் பீடிங் ஊதிப்போகும்.

முதலில் அது பாலிஷ் கறைதானா என்று பாருங்கள். பெயின்டை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குள், வரிப்பள்ளங்களில் வெள்ளையாக இருந்தால் பாலிஷ். பாகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம், அதுவும் வெயில் படும் மேல்பக்கம் அதிகம் என்றால், பிளாஸ்டிக்கே வெயிலில் வெளுத்திருக்கிறது. அதற்குத் தேய்த்துப் பயனில்லை, பிளாஸ்டிக்குக்குக் கறுப்பைத் திருப்பித் தரும் டிரிம் டிரெஸ்ஸிங் அல்லது டிரிம் கோட்டிங்தான் வழி.

பாலிஷ் கறை என்றால் ஆல் பர்ப்பஸ் கிளீனரை 1:10 அளவில் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து தெளித்து, ஒரு நிமிடம் ஊறவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் குழியின் போக்கிலேயே தேயுங்கள். நுரை பழுப்பாக வருவது உங்கள் தேங்காய் எண்ணெய். காயும் முன் கழுவிவிட்டு, அடுத்த சுற்று. இரண்டு மூன்று சுற்றில் போகாத வரிகளுக்கு, நன்றாகக் காய்ந்த பிளாஸ்டிக்கில் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரைத் தேய்த்துப் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மெழுகை உருட்டி எடுத்துவிடும். கடைசியாக, தண்ணீர் அடிப்படையிலான டிரிம் டிரெஸ்ஸிங்கை ஸ்பாஞ்சில் எடுத்து மெல்லிசாக ஒரு பூச்சு.

ஹாட் ஏர் கன் வைத்தால் கறுப்பு திரும்பும் என்று காட்டும் வீடியோக்கள் ஏராளம். கொஞ்ச நாள் திரும்பும். கை ஒரு இடத்தில் நின்றால் பிளாஸ்டிக் நெளிந்து, குழி அச்சும் உருகி வழவழவென்று ஆகிவிடும். அதை எதுவும் சரிசெய்யாது.

கேள்வி: ஆல்-இன்-ஒன் பாலிஷைக் கையால் போடுவதா, மெஷினா? ஒரு காருக்கு எவ்வளவு பிடிக்கும்?
(வாசகர், மதுரை)

பதில்: கையால் போட்டால் பளபளப்பும் பாதுகாப்பும் கிடைக்கும், கீறல் குறைய வேண்டுமென்றால் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன், சுற்றிக்கொண்டே அசையும்) மெஷின் வேண்டும். ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும் ரோட்டரியை வீட்டில் எடுக்காதீர்கள். அது பாலிஷைச் சிதறடித்து நாலடி தள்ளியிருக்கும் கண்ணாடி பீடிங் வரைக்கும் வெள்ளைப் பொட்டு வைத்துவிடும். பம்பரில் இன்னும் ஆபத்து: இரும்புத் தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது. சூடு ஒரே இடத்தில் ஏறி பெயின்ட் எரியும்.

வண்டியைக் கழுவி, துவட்டி, நிழலில் நிறுத்துங்கள். பானெட்டில் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். மதுரை வெயிலில் காலை எட்டு மணிக்குள் பாதி வேலை முடிந்தால் நல்லது. பெயின்ட் கடையில் கிடைக்கும் முக்கால் அங்குல மாஸ்கிங் டேப்பை பீடிங், வீல் ஆர்ச், வைப்பர் கவுல் (வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக்), எழுத்துச் சின்னங்கள் மேல் பெயின்ட் ஓரத்தோடு ஒட்டுங்கள். பார்சல் ஒட்டும் பிரவுன் டேப் வேண்டாம், பசை தங்கும். மாஸ்கிங் டேப்பையும் வேலை முடிந்த கையோடு உரியுங்கள். வெயிலில் ஊறினால் அதன் பசையும் ஒட்டிக்கொள்ளும்.

ஐந்து அங்குல மென்மையான ஃபோம் பேடில் பட்டாணி அளவு மூன்று நான்கு சொட்டு. இரண்டுக்கு இரண்டடி இடத்தில் முதலில் மெஷினைப் போடாமலே பேடால் பரப்பி, பிறகு வேகம் 4-இல் மெதுவாக நான்கைந்து முறை குறுக்கும் நெடுக்கும். ஹேட்ச்பேக் முழுவதற்கும் 40 முதல் 50 மில்லி தாராளம். பேட் டிரிம்மின் பக்கம் வரும்போது ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டு நிறுத்தி, அந்தப் பட்டையை மட்டும் கையால் முடியுங்கள். கறை வருவதில் பெரும்பாதி அந்த இரண்டு விரலில்தான். அதிகம் போட்டால் அதிகம் மின்னும் என்று நினைத்து அள்ளிப் போடுபவர்களுக்குத்தான் தூசி பறக்கும், துடைக்கவும் வராது.

துணியில் வண்டியின் நிறமே ஒட்டி வந்தால் பழைய ஒற்றைப் பூச்சுப் பெயின்ட் என்று அர்த்தம். கிளியர் கோட் (நிறத்தின் மேல் போடும் நிறமில்லாத பூச்சு) உள்ள வண்டியில் அப்படி வந்தால் உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட்டே ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான், அது தீர்ந்து கீழே இறங்கிவிட்டீர்கள். துகள் உள்ள ஆல்-இன்-ஒன் வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: கதவுகளுக்கு நடுவே இருக்கும் பளபளக்கும் கறுப்புத் தூணில் போடலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். ஸ்டிக்கர் மாதிரி விளிம்பு தட்டுப்பட்டால் அது கறுப்பு ஃபிலிம், பாலிஷ் வேண்டாம். வழவழப்பான பிளாஸ்டிக் என்றால் வெள்ளை தங்கக் குழி இல்லை, போடலாம். ஆனால் அது சீக்கிரம் கீறல் விழும் ரகம். அதற்கென்று புது பேடும் புது மைக்ரோஃபைபரும் எடுத்து, கையால் மட்டும், அழுத்தாமல்.

கேள்வி: போன வருடம் செராமிக் கோட்டிங் போட்டேன். அதன் மேல் ஆல்-இன்-ஒன் போடலாமா?
(வாசகர், கரூர்)

பதில்: வேண்டாம். பணம் கொடுத்துப் போட்டதை நீங்களே தேய்த்து எடுப்பீர்கள். மேட் பெயின்டுக்கும் இதே பதில்.

கேள்வி: போர் தண்ணீரில் கழுவுகிறோம். பானெட்டில் உப்புப் பொட்டுகள். ஆல்-இன்-ஒன் போட்டால் போகுமா?
(வாசகர், ராமநாதபுரம்)

பதில்: அழுக்குக்குத்தான் பாலிஷ், உப்புக்குப் புளிப்பு. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியை நனைத்து, பொட்டின் மேல் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் அலசித் துவட்டுங்கள். அதன் பிறகு பாலிஷ். உப்பு இருக்கும்போதே தேய்த்தால் அந்தப் படிகமே கீறிவிடும். வினிகருக்குப் பிறகும் பொட்டு வட்டமாகத் தெரிந்தால் விரலால் தடவுங்கள்: மேடாக இருந்தால் இன்னொரு முறை வினிகர். பள்ளமாக இருந்தால் கிளியர் கோட்டை அரித்துவிட்டது, டி.ஏ. மெஷினில் லேசாகக் குறையும், முழுக்கப் போகாது. இனிமேல் கடைசி ஒரு பக்கெட் மட்டுமாவது கேன் தண்ணீர் ஊற்றி, காயவிடாமல் உடனே துவட்டிவிடுங்கள்.