அப்பாவின் கால் வீக்கமும் அம்லோடிபின் மாத்திரையும்

சகோதரி, கணுக்கால் வீங்கியதால் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் உங்கள் அப்பா ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினைத் தாமாகவே நிறுத்திவிட்டார், இப்போது ரத்த அழுத்தம் 170/100 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரைக்குக் கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவுதான். ரத்தக்குழாய் விரிவதால் நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார். வீக்கத்துக்கு வேறு காரணம் உண்டா என்றும் பார்த்துவிடுவார். எனக்குக் கவலை அந்த 170தான். நாளைக்கே அரசு சுகாதார மருத்துவமனையான கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துப் போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல் தெரிந்தால் காத்திருக்காமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

வீட்டில் அளக்கும்போது 5 நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பேச்சு வேண்டாம். காலையும் மாலையும் இருமுறை அளந்து நோட்டில் குறியுங்கள். அப்பா நாசி கண்டாரில் (குழம்புகள் ஊற்றித் தரும் பினாங்குச் சோறு) குழம்பை வழிய ஊற்றிச் சாப்பிடுபவரா? உப்பு அங்கேதான் ஏறுகிறது.