கடன் இருந்தால் பாதுகாப்பு அனுமதி கிடைக்காதா?

கேள்வி: ஐயா, நான் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் வசிக்கும் கணினிப் பொறியாளர். அரசாங்க அமைப்பு ஒன்றுக்குச் சேவை வழங்கும் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பின்னணியைப் பரிசீலித்து, நம்பத்தக்கவர் என்று தரும் பாதுகாப்பு அனுமதி வந்த பிறகே சேர முடியும். அப்பாவின் மருத்துவச் செலவால் கடன்பற்று அட்டையில் 13,000 வெள்ளி நிலுவை ஏறிவிட்டது. அதே செலவுக்காக உரிமம் பெற்ற கடன்கொடுப்பவர் ஒருவரிடமும் 5,000 வெள்ளி வாங்கினேன். மாதச் சம்பளம் 4,800 வெள்ளி. இரண்டாவது கடன் வங்கிப் பதிவில் வராது, அனுமதிக்கான படிவத்தில் எழுத வேண்டாம் என்கிறார் நண்பர். அந்தக் கடன் என் மனைவிக்கும் தெரியாது. நான் என்ன செய்வது?

பதில்: இரண்டு கடன்களையும் முழுத் தொகையோடு எழுதுங்கள். நண்பர் அக்கறையில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வேலைக்கு உலை வைக்கக்கூடியது அந்த யோசனைதான். உரிமம் பெற்றவர்கள் கொடுக்கும் கடன்களுக்கென்றே தனிப் பதிவகம் இங்கே இருக்கிறது.

சிங்கப்பூரில் பொதுச் சேவை அதிகாரிகள் தாங்கள் கடன் நெருக்கடியில் இல்லை என்று ஆண்டுதோறும் உறுதி அளிக்க வேண்டும். ஈடு எதுவும் வைக்காமல் வாங்கிய பிணையில்லாக் கடன்களின் மொத்தம் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டினாலோ, ஒருவர் நொடித்துப்போன நிலையிலிருந்து இன்னும் விடுவிக்கப்படாமல் இருந்தாலோ, கடனைக் கட்டும்படி அவருக்கு எதிராக நீதிமன்றத் தீர்ப்பு இருந்தாலோ, அவர் நெருக்கடியில் இருப்பவராகக் கருதப்படுவார். வீட்டுக் கடன் பிணையுள்ளது என்பதால் இந்தக் கணக்கில் சேராது. நீங்கள் அரசாங்க அதிகாரி அல்லர் என்றாலும், அதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் உங்கள் 18,000 வெள்ளி, மூன்று மாதச் சம்பளமான 14,400 வெள்ளியைத் தாண்டுகிறது. ஆகவே கேள்வி வரும் என்று எண்ணியே ஆயத்தமாகுங்கள்.

பாதுகாப்பு அனுமதி கேட்பவரின் கடனை எப்படி எடைபோடுவது என்பதை அமெரிக்க அரசாங்கம் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. 2017 முதல் நடப்பில் உள்ள அந்த நெறிமுறைகளின் 13 தலைப்புகளில் பண விவகாரம் ஒன்று, தனிப்பட்ட நடத்தை இன்னொன்று. வேலை இழப்பு, மருத்துவ அவசரம், மணமுறிவு போன்று கைமீறிய காரணங்களால் கடன்பட்டவர், அதன் பின் பொறுப்போடு நடந்துகொண்டிருந்தால் அது அவருக்குச் சாதகமாகும். வேண்டுமென்றே மறைத்திருந்தால் அது நடத்தைத் தலைப்பின்கீழ்த் தனிக் குறையாக எழும். இங்கே நடக்கும் பரிசீலனைக்கு அந்த விதிகள் பொருந்தா. ஆயினும் அவற்றில் உள்ள நியாயம் எல்லா நாட்டுக்கும் பொதுவானது என்றே நான் கருதுகிறேன். மருத்துவமனைக் கட்டணத்துக்காக 5,000 வெள்ளி வாங்கியதற்கு உங்களிடம் விளக்கம் உண்டு. அதை எழுதாமல் விட்டதற்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

கடன் தொகையைவிட, மனைவிக்குத் தெரியாது என்ற வரிதான் எனக்குக் கவலை தருகிறது. கடன்பட்டவர் எல்லாரும் விலைபோய்விடுவார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் வெளியே தெரிந்தால் வீட்டில் பூகம்பம் வெடிக்கும் என்று ஒருவர் அஞ்சும் கடன், அதை மோப்பம் பிடித்த மூன்றாம் மனிதருக்கு நல்ல பிடியாகிவிடும். “அந்தக் கோப்பை மட்டும் காட்டு, வீட்டில் சொல்லமாட்டேன்” என்று மிரட்ட அது போதும். படிவத்தை நிரப்புவதைவிட மனைவியிடம் வாய்திறப்பது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் படிவம் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்பாவுக்காகப் பட்ட கடன் இது; முதலில் கோபம் வந்தாலும் மனைவி புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன்.

எப்போது, எதற்காக வாங்கினீர்கள், எவ்வளவு மீதம், மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, மருத்துவமனை ரசீதுகளையும் தவணை ரசீதுகளையும் கையில் வைத்திருங்கள். உரிமம் பெற்றவர்கள் மாதத்திற்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம் என்பதால் அந்தக் கடனை முதலில் அடைக்கப் பாருங்கள். அட்டை நிலுவையைக் கட்டத் திணறினால் ‘கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்’ அமைப்பை நாடுங்கள். வங்கிகளோடு தவணைத் திட்டத்திற்கு வழிசெய்ய அவர்கள் உதவுவார்கள். படிவம் அனுப்பிய பிறகு ஏதேனும் விடுபட்டது நினைவுக்கு வந்தால், அனுமதியைப் பரிசீலிப்பவர்கள் கேட்கும்வரை காத்திராமல் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். கேட்குமுன் தாமாகத் திருத்திக்கொண்டவரை அமெரிக்க நெறிமுறைகளும் சாதகமாகவே பார்க்கின்றன.