புகழ்பெற்ற ஆல்பங்களும் நம் காதும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இசை பற்றித் தாங்கள் எழுதிவருபவற்றைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மிகச் சிறந்த ஆல்பங்கள் என்று எல்லாப் பட்டியல்களிலும் இடம்பெறுபவற்றை ஒவ்வொன்றாக முழுமையாகக் கேட்டு, மனத்தில் பட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கத்தை அண்மையில் தொடங்கினேன். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' முதல் முறையிலேயே என்னை இழுத்துக்கொண்டது. ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' நன்றாக இருந்தது, ஆனால் எங்கேயோ ஏற்கெனவே கேட்டதுபோல் இருந்தது. 'தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிகோ' பாதியிலேயே அலுத்துவிட்டது. பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' எதற்காக இவ்வளவு கொண்டாடப்படுகிறது என்பதே விளங்கவில்லை. இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "உனக்கு அதைக் கேட்கும் காது இன்னும் வரவில்லை" என்றார். குறை என் ரசனையில்தானா? வரலாற்றைத் தெரிந்துகொண்டு கேட்டால்தான் இவை பிடிக்குமா? அப்படி வருகிற விருப்பம் உண்மையான விருப்பமாக இருக்க முடியுமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

குறிப்பேட்டை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் நண்பர் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்; ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு இருவருக்கும் பேச ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. காது வரவில்லை என்று ஒருவரிடம் சொல்வதைவிட, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது என்று கேட்டிருந்தால், அதிலிருந்து ஒரு நல்ல உரையாடல் தொடங்கியிருக்கும்.

ஓர் ஆல்பம் இசையுலகை என்ன செய்தது என்பதும், அது என்னை என்ன செய்தது என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு விடை நூல்களிலும் பேட்டிகளிலும் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு நீங்கள் ஒருவர் மட்டுமே சாட்சி. சாட்சி சொல்பவர் எதைப் பார்த்தார், எங்கே நின்று பார்த்தார் என்று சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொல்வது அவர் வேலையல்ல. உங்கள் கடிதத்தில் பிடித்தது, பிடிக்கவில்லை என்ற தீர்ப்புகள் இருக்கின்றன, இடங்கள் இல்லை. அதனால் நீங்கள் குறிப்பிட்ட ஆல்பங்களிலேயே சில இடங்களைக் காட்ட முயல்கிறேன்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' உங்களை முதல் முறையிலேயே இழுத்ததில் எனக்கு வியப்பில்லை. 1959ஆம் ஆண்டு மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில், நியூயார்க்கின் முப்பதாவது தெருவில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கிய கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பதிவானது. அதன் முதல் உருப்படியான 'ஸோ வாட்' டோரியன் என்னும் ஸ்வர வரிசையில் அமைந்தது. நம் கரகரப்பிரியா ராகத்தின் ஸ்வரங்களும் அவையே. அதற்கு முந்தைய ஜாஸில் ஸ்வரக்கட்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், ஆங்கிலத்தில் 'கார்ட்') நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் அவற்றின் பின்னால் ஓடியாக வேண்டும். இங்கே 16 ஆவர்த்தனங்களுக்கு ஒரே ஸ்வர வரிசை நிற்கிறது, பிறகு அதே வரிசை அரை ஸ்வரம் மேலேறி 8 ஆவர்த்தனங்கள் நிற்கிறது, பிறகு பழைய இடத்துக்கே திரும்பி இன்னும் 8. ஒரே ராகத்தில் நீண்ட நேரம் தங்கிக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த நிதானம் அந்நியமாக இராது. ஆனால் அந்த அரை ஸ்வர ஏற்றம் நம் முறையில் இல்லாதது. ஆதார சுருதியே இடம் பெயர்வதுபோல் இருக்கும். நான் அந்த இடத்துக்காகக் காத்திருந்தே ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

அதே உருப்படியில் இன்னோர் இடம் உண்டு. டபுள் பாஸும் மற்ற வாத்தியங்களும் கேள்வியும் பதிலுமாகப் பேசி முடித்து, டேவிஸின் டிரம்பெட் தனியே புறப்படும் தருணத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி அடிக்கிறார். அதுவரை இருந்த ஒலி அளவுக்கு அது சற்றுப் பெரிய அடிதான். அதன் ரீங்காரம் உடனே அடங்காமல், டிரம்பெட்டின் முதல் சில ஸ்வரங்களுக்கு அடியில் மெல்லக் கரைந்துகொண்டே போகிறது. அந்தக் கரைதலுக்குள்தான் டேவிஸ் அடியெடுத்து வைக்கிறார். இந்த ஆல்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்த பிறகும், என்னை அதனிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது அந்த ஓரிரு விநாடிகள்தாம்.

இதே ஆல்பத்தைப் பற்றிய ஒரு செய்தி உங்கள் கேள்விக்கு நேராகவே தொடர்புடையது. முதல் நாள் பதிவின்போது ஒலிநாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டபோது, முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் இசைத்தட்டில் உண்மையான சுருதியைவிடச் சிறிது உயர்ந்தே ஒலித்தன. 1990களில் வந்த மறுபதிப்புகளில்தான் அது சரிசெய்யப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஆல்பத்தை நேசித்தவர்கள் அனைவரும் நேசித்தது சுருதி உயர்ந்த பதிவைத்தான். அவர்களுடைய விருப்பம் பொய்யாகிவிடுமா? அவர்கள் காதில் விழுந்தது எதுவோ, அதற்கு அவர்கள் மனம் கொடுத்த பதில் உண்மையானது. உங்கள் அலுப்பும் அப்படிப்பட்ட ஒரு பதில்தான்.

அடுத்ததாக, 'எங்கேயோ ஏற்கெனவே கேட்டதுபோல்' என்று நீங்கள் எழுதியது. ஓர் ஆல்பம் பரவலாகப் பின்பற்றப்பட்டதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. 1973இல் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வெளிவந்தபோது, இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பிலேயே முடிவதும், கடிகாரங்கள் ஒருசேர அலறுவதும், கல்லாப்பெட்டியின் ஓசையையே ஏழு அடித் தாளமாக வெட்டி ஒட்டியதும், பாடல்கள் ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் இணைந்து ஓடுவதும் கேட்டவர்களுக்குப் பெரும் அனுபவமாக இருந்தன. பிறகு வந்தவர்கள் இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். நகல்களை முதலில் கேட்டுவிட்டு மூலத்துக்கு வருகிறவருக்கு மூலமே நகல்போலத் தோன்றுவதைத் தவிர்க்க இயலாது. அதில் உங்கள் பிழை எதுவுமில்லை. எவராலும் எடுத்துச் செல்ல முடியாமல் அந்த ஆல்பத்திலேயே தங்கிவிட்டது எது என்று தேடுவதுதான் இப்போது பயனுள்ளது.

என்னைக் கேட்டால், அது முதல் பக்கத்தின் கடைசியில் வரும் கிளேர் டோரியின் குரல். பாடுவதற்குச் சொற்கள் தரப்படவில்லை; பதிவுக்கூடங்களில் பாடி வருவாய் ஈட்டிவந்த அந்தப் பாடகி, தன் குரலையே ஒரு வாத்தியமாகக் கொண்டு அங்கேயே கற்பனை செய்து பாடினார். அந்தப் பாடலின் இணை ஆக்குநராக அவருக்கு உரிய இடம் கிடைத்தது 2005இல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகுதான். உச்சஸ்தாயியில் அவர் கதறுவதையே எல்லோரும் சொல்வார்கள். என்னை ஆட்கொள்வது அதற்குப் பிறகு, குரல் மெல்ல இறங்கி, பாட்டுக்கும் முனகலுக்கும் இடையில் எங்கோ நின்று, பியானோவுக்கு வழிவிட்டு ஒதுங்கும் பகுதி. இறப்பைப் பற்றிய பாடல் அது என்று தெரியாத ஒருவருக்கும் அந்த இறக்கம் ஏதோ ஒன்றை உணர்த்தாமல் போகாது என்றே நம்புகிறேன்.

இங்கே ஒரு சிறு யோசனை. நீங்கள் ஆல்பங்களை முழுமையாக, இடைநிறுத்தமின்றிக் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். இவை இசைத்தட்டுக்காக, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் என்ற கணக்கில் அடுக்கப்பட்டவை. டோரியின் குரல் அடங்கியதும் முதல் பக்கம் முடிந்துவிடும். கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பிவைத்த பிறகே கல்லாப்பெட்டியின் ஓசை தொடங்கும். இன்று அந்த இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒலிக்கின்றன. அந்த இடத்தில் இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்து பாருங்கள். ஆல்பத்தின் இரண்டாம் பாதி வேறாகக் கேட்கும்.

'சார்ஜென்ட் பெப்பர்' பற்றி உங்களோடு எனக்கு அதிக வேறுபாடில்லை. நான்கே தடங்கள் கொண்ட ஒலிநாடாக் கருவிகளை வைத்துக்கொண்டு 1967இல் அவர்கள் சாதித்தது அசாதாரணமானது. ஆல்பம் என்பதைப் பாடல்களின் தொகுப்பு என்ற நிலையிலிருந்து ஒரு முழுப் படைப்பாகப் பலரும் எண்ணத் தொடங்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், பெரும்பாலான பாடல்கள் என்னிடம் தம் சாமர்த்தியத்தைக் காட்டிவிட்டு விலகிவிடுகின்றன. விதிவிலக்கு கடைசிப் பாடல். அதன் முடிவில் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அழுத்தப்படும் அந்தப் பெரும் ஸ்வரக்கட்டு 40 விநாடிகளுக்கும் மேல் ஒலித்துத் தேய்கிறது. ஒலி தேயத் தேயப் பதிவின் அளவை உயர்த்திக்கொண்டே போனதால், இறுதியில் கூடத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிடுவதுகூடக் காதில் விழும். அந்த ஆல்பத்தில் எனக்கு மிக நெருக்கமான ஒலி அந்தக் கிரீச்சொலிதான். அத்தனை அலங்காரங்களுக்கும் பிறகு, மூச்சை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் மனிதர்கள் அங்கே தென்படுகிறார்கள். இவ்வளவு சொல்ல முடிந்தால் போதும் என்று நினைக்கிறேன். முழு ஆல்பத்துக்கும் தலைவணங்க வேண்டிய கட்டாயம் எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

வெல்வெட் அண்டர்கிரவுண்டின் ஆல்பத்தை மட்டும் இன்னொரு முறை கேட்கச் சொல்வேன், அதுவும் முழுமையாக வேண்டாம். 'ஹெராயின்' என்ற பாடலை மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டே ஸ்வரக்கட்டுகள்தாம். ஜான் கேலின் வயோலா ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, தாளம் வேகமெடுப்பதும் தளர்வதுமாக இருக்கிறது. ஒலி கட்டுக்கடங்காமல் பெருகும் ஒரு கட்டத்தில் மோரீன் டக்கரின் டிரம்ஸ் திடீரென நின்றுவிடும். மற்றவர்கள் வாசிப்பது எதுவும் தன் காதில் சரியாக விழாததால் நிறுத்திவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் நிறுத்தவில்லை; சற்று நேரத்தில் அவர் மீண்டும் சேர்ந்துகொள்கிறார். வேறு எவராக இருந்தாலும் பிழை என்று சொல்லி மறுபடி பதிவு செய்திருப்பார்கள். இதைக் கேட்ட பிறகும் அலுத்தால், நீங்கள் அலுத்தது எதனிடம் என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி உங்கள் கடினமான கேள்வி: வரலாறு தெரிந்து வருகிற விருப்பம் உண்மையானதா? ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கோல்ன் நகர ஓபரா அரங்கில் தனியே வாசித்த கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டிருந்த பியானோவுக்குப் பதிலாக ஒரு சிறிய பியானோ மேடையில் இருந்தது. அதன் மேல் ஸ்தாயி சன்னமாகவும் தகரம்போலவும் ஒலித்தது, பெடல்களும் சரியாக இயங்கவில்லை. ஏற்பாட்டாளரான 18 வயதுப் பெண் மன்றாடிய பிறகே அவர் வாசிக்க இசைந்தார். பெரும்பாலும் நடு ஸ்தாயியில் தங்கி, இடது கையால் ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்ப அழுத்தி வாசித்த அந்த இரவே பிறகு புகழ்பெற்ற ஆல்பமாயிற்று. இந்தக் கதை எனக்கு ஒரு வகையில் உதவியது. இடது கையைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தது. ஆனால் இன்று பலர் பியானோவைக் கேட்காமல் கதையைக் கேட்கிறார்கள் என்பதையும் பார்க்கிறேன். எங்கே காதை வைக்க வேண்டும் என்பதை வரலாறு காட்டலாம். வைத்த பிறகு அங்கே ஏதாவது நிகழ்கிறதா என்பது நமக்கும் இசைக்கும் இடையிலானது. நிகழ்ந்தால், எந்த வழியாக வந்து சேர்ந்தோம் என்பதைப் பொறுத்து அந்த விருப்பத்தின் உண்மை குறைவதில்லை.

வரலாறு காதைத் திசைதிருப்புவதும் உண்டு. பியானோ கலைஞர் கிளென் கூல்ட், இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' படைப்பை 1955இலும் 1981இலும் இருமுறை பதிவு செய்தார். இரண்டுமே 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவான அதே கூடத்தில். முதலாவது ஏறக்குறைய 38 நிமிடங்கள், பிந்தையது ஏறக்குறைய 51. இரண்டாம் பதிவு வெளியானதையொட்டி, 1982 அக்டோபரில், ஐம்பதாவது வயதில் அவர் திடீரென மறைந்தார். அன்றிலிருந்து 'ஆரியா' எனப்படும் அந்த மெதுவான தொடக்கப் பகுதியில் எல்லோரும் விடைபெறுதலைக் கேட்கிறார்கள். வாசித்தவருக்குத் தன் முடிவு தெரியாது. அந்தத் துயரத்தை ஏற்றியது நாம்தான். நான் அதில் கேட்பது பியானோவுக்குப் பின்னாலிருந்து மெல்லிதாக வரும் அவருடைய முணுமுணுப்பை. தான் வாசிப்பதற்கு இணையாக, தன்னையறியாமல், அவர் பாடிக்கொண்டே இருக்கிறார். அது துயரப்படுபவரின் குரலாக எனக்குக் கேட்டதில்லை. இரண்டில் எது சிறந்தது என்பதற்கு என் விடை ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. ஆகவே, உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு குறிப்புக்கும் தேதியிட்டு வையுங்கள்.

அடுத்து எதைக் கேட்பது என்று நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்கிறேன். 1971இல் வந்த பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. அதன் தலைப்புப் பாடலில் கேயின் குரல் இரண்டு முறை பதிவாகி, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனித்தனியே பதிவு செய்த இரண்டு குரல்களும் தற்செயலாகச் சேர்ந்து ஒலித்தபோது, அது அவருக்குப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். சில வரிகளில் ஒரு குரல் முந்துகிறது, மற்றது சற்றுத் தாமதித்து வேறு அழுத்தத்தோடு அதே சொல்லைச் சொல்கிறது. முதல் முறை கேட்கும்போது உங்கள் காது எந்தக் குரலைப் பின்தொடர்கிறது, எந்த வரியில் மற்றதற்குத் தாவுகிறது என்பதைக் குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்