மீத்தேன் வரவு செலவு: மாதிரி போடுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெரிய கணினி இல்லை. எக்செல்லிலேயே மீத்தேன் மாதிரி (காற்றில் மீத்தேன் எவ்வளவு சேர்கிறது, அழிகிறது என்ற கணக்கு) போட முடியுமா?

பதில்: தாராளமாக. வளிமண்டலம் முழுவதையும் ஒரே பெட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு மாற்றம் = உமிழ்வு − (நிறை ÷ ஆயுட்காலம்). ஆயுட்காலம் என்பது மீத்தேன் காற்றில் சராசரியாக நிலைக்கும் ஆண்டுகள். 1 பிபிபி (நூறு கோடிக் காற்று மூலக்கூறில் ஒன்று மீத்தேன்) என்பது சுமார் 2.75 டெராகிராம், அதாவது 27.5 லட்சம் டன். 1900 பிபிபி என்றால் நிறை 5225 டெராகிராம். ஆயுட்காலம் 9.1 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 574 அழிகிறது. அந்த ஆண்டு செறிவு 10 பிபிபி கூடியிருந்தால் 27.5 சேருங்கள்: உமிழ்வு சுமார் 602. கால இடைவெளி 0.1 ஆண்டு போதும். பலர் சறுக்குவது தொடக்க மதிப்பில். 1900 பிபிபியில் ஆரம்பித்து உமிழ்வை 550 என்று கொடுத்தால் செறிவு இறங்கத்தான் செய்யும். பெட்டி தன் சமநிலையைத் தேடுகிறது, அவ்வளவே. அதைக் கண்டுபிடிப்பாக எழுதிவிடாதீர்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய 720 பிபிபி அளவிலிருந்து ஓட்டி வாருங்கள்.

கேள்வி: ஹைட்ராக்சிலை (காற்றில் மீத்தேனை அழிக்கும் OH) மாறிலியாக வைக்கலாமா? எல்லோரும் அப்படித்தானே வைக்கிறார்கள்?

பதில்: வைக்கிறார்கள், பாதிச் சிக்கல் அங்கிருந்துதான் வருகிறது. மீத்தேன் இழப்பில் சுமார் 90 சதவீதம் ஹைட்ராக்சிலால். மிச்சம் மண் பாக்டீரியா, அடுக்கு மண்டலம் (ஸ்ட்ராடோஸ்பியர்), கடல்மேல் குளோரின். ஹைட்ராக்சில் ஒரு நொடி அளவே நிலைப்பதால் உலக சராசரியை நேரடியாக அளக்க வழியில்லை. மெத்தில் குளோரோஃபார்ம் என்ற கரைப்பானை வைத்து மறைமுகமாகக் கணித்தார்கள்: மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் உற்பத்தி நின்றபின் அது தேயும் வேகமே ஹைட்ராக்சிலின் அளவுகோல். இப்போது அதுவே காற்றில் மிகக் குறைந்துவிட்டது.

ஹைட்ராக்சில் 1 சதவீதம் மாறினால் ஆண்டுக்கு 5 டெராகிராமுக்கு மேல் கணக்கு புரளும். 2020இல் செறிவு சுமார் 15 பிபிபி ஏறியது. ஊரடங்கில் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைய, ஹைட்ராக்சிலும் குறைந்தது. அதை மாறிலியாக வைத்திருந்தால் பழி முழுவதும் சதுப்பு நிலங்கள் தலையில் விழும். ±3 சதவீதம் மாற்றி ஓட்டி, எல்லா விடைகளையும் காட்டுங்கள்.

இன்னொன்று: மீத்தேன் கூடினால் தன்னை அழிக்கும் ஹைட்ராக்சிலையே தின்கிறது. அதனால் கூடுதலாகச் சேர்ந்த மீத்தேன் மறைய சுமார் 12 ஆண்டு பிடிக்கும். உமிழ்வுக் குறைப்புக் கணக்கில் 9 போட்டால் பலன் சீக்கிரம் வருவதாகத் தோன்றும்.

கேள்வி: 2007க்குப் பிறகு காற்று மீத்தேனில் கார்பன்-13 (கார்பனின் கனமான வகை) விகிதம் இறங்குகிறது. அப்படியானால் நிலக்கரி, எரிவாயுக் கசிவு கூடவில்லை என்றுதானே பொருள்?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. நுண்ணுயிர் மீத்தேன் சுமார் −62, புதைபடிவம் −44, காடு, பயிர்க்கழிவு எரிப்பு −24 பெர்மில் (கார்பன்-13 ஒரு தர அளவைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்பது). நுண்ணுயிர்ப் பங்கு வேகமாக ஏறினால், புதைபடிவமும் ஏறிக்கொண்டிருக்கையிலேயே சராசரி இறங்கும். எரிப்பு குறைந்தாலும் இறங்கும். காற்றில் −47 இருக்க, மூலங்களின் சராசரி −53 அருகே இருப்பதற்குக் காரணம், அழிவு வினைகள் லேசான மூலக்கூறை முதலில் எடுப்பது. இதில் ஹைட்ராக்சில் காட்டும் பாகுபாடு சுமார் 4 முதல் 5 பெர்மில். குளோரினோ 60க்கு மேல். குளோரின் பங்கைச் சற்றே மாற்றினாலும் உங்கள் புதைபடிவ விடை ஓடிவிடும். ஐசோடோப்பு விகிதம் செறிவைவிட மெதுவாகச் சமநிலைக்கு வரும் என்பதால் முன்னோட்டத்தை (கணக்கு தொடங்குமுன் மாதிரியைச் சமநிலைக்கு ஓட்டும் காலத்தை) நீளமாக வையுங்கள்.

கேள்வி: நெல் வயல் உமிழ்வை எப்படிக் கொடுப்பது?

பதில்: ஐபிசிசி (ஐ.நா. பருவநிலைக் குழு) 2019 முறைப்படி தெற்காசியாவுக்கு எக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ. 120 நாளுக்கு 102 கிலோ. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் 0.55ஆல் பெருக்குங்கள்: 56 கிலோ. தொழு உரம், வைக்கோல் மடக்கி உழுதால் தனிக் காரணி உண்டு. அதை விட்டுவிட்டால் விடை குறையும். சதுப்பு நில வரைபடத்தில் இதே வயல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழிருந்து, மூலம் மூலமாகக் கூட்டும் கணக்கு 2010–2019க்கு ஆண்டுக்கு 669 டெராகிராமும், வளிமண்டல அளவீட்டுக் கணக்கு 575உம் காட்டியதற்கு, ஏரி, குளம், சதுப்பு ஆகியவை இருமுறை எண்ணப்படுவது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: ட்ரோபோமி (மீத்தேனை அளக்கும் செயற்கைக்கோள் கருவி) தரவை அப்படியே மாதிரியோடு ஒப்பிடலாமா?

பதில்: கூடாது. தரக் குறியீடு 0.5க்கு மேல் உள்ளவற்றை மட்டும், பிழை திருத்திய மீத்தேன் மதிப்புகளிலிருந்து எடுங்கள். பனி, கருந்தரை மேல் கவனம். மாதிரியின் செங்குத்துப் பரவலைக் கருவியின் உணர்திறன் எடைகளால் (எந்த உயரத்தில் அது எவ்வளவு உணர்கிறது என்பதால்) பெருக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். துருவப் பக்கம் மட்டும் இடைவெளி தெரிந்தால் உமிழ்வைத் தொடாதீர்கள். மாதிரியின் அடுக்கு மண்டலத்தை முதலில் சோதியுங்கள்.