இடைக்கால ஸ்காட்லாந்தின் அரச குடும்பத்துப் பெண்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அக்கா, இளவரசிகளுக்கு எந்த வயதில் கல்யாணம் நடந்தது?

பதில்: திருச்சபைச் சட்டம் பெண்ணுக்கு 12 வயது நிறைய வேண்டும் என்றது. அரசியல் அவசரம் என்றால் அதற்கும் காத்திருக்கவில்லை. ஸ்காட்லாந்து அரசர் முதலாம் ஜேம்ஸின் மகள் மார்கரெட்டை 1436இல் பிரான்ஸ் இளவரசர் லூயிக்குக் கட்டிக்கொடுத்தபோது அவளுக்கு வயது 11. புருஷன் அவளிடம் அன்பாக இருந்ததே இல்லை. குழந்தை இல்லாமல் 20 வயதில் இறந்துபோனாள். நினைத்தாலே மனசு கனக்கிறது.

கேள்வி: பெண்களுக்குச் சொத்துரிமை உண்டா?

பதில்: உண்டு. மகன் இல்லாத வீட்டில் நிலம் மகள்களுக்கு வரும். கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கின் வருமானம் மனைவிக்கு ஆயுள் முழுக்க. கேலோவே சீமாட்டி டெவோர்கில்லாவைப் பாருங்கள். 1273இல் ஒரு மடாலயம் கட்டினார். ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரிக்கு நிலையான வருமானமும் விதிமுறைகளும் தந்தவரும் அவர்தான். அவருடைய மகன் ஜான் 1292இல் அரசரானதும் தாய்வழி உரிமையில்தான்!

கேள்வி: ஒரு சீமாட்டியைக் கூண்டில் அடைத்தார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். அவர் பெயர் இசபெல்லா, பக்கன் பிரபுவின் மனைவி. புதிய அரசரை அரியணையில் அமர்த்தும் உரிமை ஃபைஃப் பிரபு குடும்பத்துக்கு இருந்தது. அந்தப் பட்டத்துக்குரிய பையனோ இங்கிலாந்தின் பிடியில். அதனால் 1306 மார்ச்சில் முடிசூட்டும் இடமான ஸ்கோனுக்கு வந்து, இங்கிலாந்தை எதிர்த்து அரசரான ராபர்ட் புரூஸுக்கு அந்தச் சடங்கை, அந்தக் குடும்பத்தில் பிறந்த இசபெல்லாவே செய்தார். இத்தனைக்கும் அவர் கணவர் புரூஸின் எதிரி. கணவரின் உறவினர் ஒருவரைப் புரூஸ் கொன்று சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. இவ்வளவு துணிச்சலை வரலாற்றில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அதே வருடம் பிடிபட்டார். பெரிக் கோட்டைக் கோபுரத்தில் மரமும் இரும்பும் கொண்டு கூண்டு செய்து அடைக்கச் சொன்னார் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட். ஸ்காட்லாந்துக்காரர் யாரும் அவரிடம் பேசக் கூடாது. பணிவிடைக்கும் ஆங்கிலேயப் பெண்கள்தான். 1310இல்தான் அங்கிருந்து ஒரு மடத்துக்கு மாற்றினார்கள். புரூஸின் தங்கை மேரிக்கு ராக்ஸ்பரோவில் இதே தண்டனை. புரூஸின் மனைவி எலிசபெத்துக்கு மட்டும் வீட்டுக்காவல். அவருடைய அப்பாவான அயர்லாந்தின் அல்ஸ்டர் பிரபு, எட்வர்டின் ஆள், அதுதான் காரணம். 1314இல் பேனக்பர்ன் போரில் புரூஸ் வென்ற பிறகு கைதிகளைப் பரிமாறினார்கள். எலிசபெத் ஊர் திரும்பினார். திரும்பியவர்களில் இசபெல்லா இல்லை.

கேள்வி: போரில் தலைமை தாங்கிய பெண்கள்?

பதில்: டன்பார் சீமாட்டி ஆக்னஸ். கருத்த நிறத்தால் ‘கறுப்பு ஆக்னஸ்’ என்றே பெயர். 1338இல் கணவர் இல்லாத நேரத்தில் ஆங்கிலப் படை கோட்டையை வளைத்தது. ஜனவரி தொடங்கி ஜூன் வரை தாக்குப்பிடித்தார். வந்த படைதான் கிளம்பிப் போனது. கவண்கல் விழுந்த இடத்தைப் பணிப்பெண்களைக் கொண்டு துணியால் துடைக்கச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. கதையாகவே இருந்தாலும் எனக்குப் பிடித்தது.

கேள்வி: ராணிகள் ஆட்சியும் செய்தார்களா?

பதில்: மகன் சிறுவனாக இருந்தால் செய்தார்கள். அரசர் இரண்டாம் ஜேம்ஸ் 1460இல், ஆங்கிலேயர் வசமிருந்த ராக்ஸ்பரோ கோட்டையை முற்றுகையிட்டபோது சொந்தப் பீரங்கி வெடித்து இறந்தார். அவருடைய மனைவி ராணி மேரி முற்றுகையைக் கைவிட விடவில்லை, கோட்டை விழுந்தது. சிறுவனான மகனுக்காக 1463இல் சாகும்வரை நிர்வாகத்தை நடத்தினார். அப்போது இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர். அதில் தோற்றுத் தஞ்சம் கேட்டு வந்த லங்காஸ்டர் அரச குடும்பத் தரப்புக்கு இடம் கொடுத்து, பதிலுக்கு 1461இல் ஆங்கிலேயர் வசமிருந்த பெரிக் நகரையே வாங்கிக்கொண்டார்.