புதிய அரங்கு திறக்குமுன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் 400 இருக்கைகளோடு புதிய நாடக அரங்கு கட்டியிருக்கிறார்கள். திறப்பு விழா நெருங்கிவிட்டது. ஒத்திகையில் வசனம் ஒன்றும் விளங்கவில்லை, எல்லாம் எதிரொலிக்கிறது. "ஆக்கள் வந்து இருந்தால் சரியாகிவிடும்" என்கிறார் ஒப்பந்தக்காரர். உண்மையா?
– மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: பாதிதான் உண்மை. 18 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனவளவு 2160 கன மீட்டர். அதை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை செக்கன் எடுக்கும் என்பது தெரியும். வசனம் தெளிவாகக் கேட்க அது ஒரு செக்கன் அளவில் நிற்க வேண்டும். அதற்குச் சுமார் 348 சதுர மீட்டர் உறிஞ்சுபரப்பு வேண்டும். ஒரு ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் என்று எடுத்தால் 400 பேர் 180 தருவார்கள். பிளாஸ்டிக் கதிரை போட்ட வெற்று மண்டபத்தில் அந்த 180 இல்லை, மீதி 168 தான், ஆகவே நேரம் இரண்டு செக்கனைத் தாண்டுகிறது. மாணவர் நாடகத்துக்கு மண்டபம் எப்போதும் நிரம்பாது. அரைவாசிச் சபைக்கும் கேட்க வேண்டும்.

துணி போர்த்த மெத்தைக் கதிரை போட்டால், ஆள் இல்லாவிட்டாலும் நேரம் 1.2 செக்கன் அளவுக்கு இறங்கும். அதற்குக் காசில்லையென்றால் பின்சுவரைக் கவனியுங்கள். 5 சென்ரிமீட்டர் தடிப்புள்ள பாறைக்கம்பளித் தட்டுகளைத் துணியால் மூடி, சுவரிலிருந்து இன்னும் 5 சென்ரிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். மேடைக்கு முன்னால் உள்ள கூரைப் பகுதியை இந்தத் தட்டுகளால் மூடவே கூடாது. நடிகரின் குரலைப் பின்வரிசைக்குக் கொண்டுபோவது அதுதான். முட்டை அட்டை ஒட்டும் யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். பலன் சொற்பம், தீப்பிடித்தால் ஆபத்து பெரிது.

கேள்வி: அந்தத் திறப்பு விழாவில் வடமோடிக் கூத்து ஆடக் கேட்டிருக்கிறார்கள். சபை சுற்றியிருக்கும் வட்டக்களரியில் ஆடுவதை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் எப்படி ஒழுங்குபடுத்துவது?
– கூத்துக் கலைஞர், ஆரையம்பதி

பதில்: முதலில், கதிரைகளைக் கழற்றி நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் மேடையை விட்டுவிட்டு மண்டபத் தரையிலேயே களரி போடுங்கள். மட்டக்களப்பில் கட்டும் அரங்கில் சபை சுற்றியிருந்து பார்க்க வழியிருக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. முடியாவிட்டால் மேடையின் இரு ஓரங்களிலும் வாங்கு போட்டு மூன்று பக்கமும் சபையை இருத்தலாம்.

மேடையில்தான் ஆட வேண்டுமென்றால், கூத்தை நடத்தும் அண்ணாவியாரை நடுவில் நிறுத்த இயலாது, ஆட்டக்காரரை மறைத்துவிடுவார். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இரவிரவாக ஆடும் கூத்தைச் சுருக்கி மேடையேற்றிய காலத்திலிருந்தே இந்த இடமாற்றக் கேள்வி இருக்கிறது. மத்தளம், சல்லரி (கைத்தாளம்), பிற்பாட்டுக்காரரை மேடையின் ஒரு பக்கத்தில் சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். அண்ணாவியாரின் கண்ணுக்கு ஆட்டக்காரரின் கால் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், பாத்திரம் களரிக்கு வரும்போது ஆடும் வரவு ஆட்டத்தின் தாளக்கட்டு முடியும் இடத்தில் பிசகும்.

இந்த அளவு மண்டபத்தில் மத்தளத்துக்கும் சல்லரிக்கும் ஒலிவாங்கி வேண்டாம். வைத்தால் பாட்டு அமுங்கிப்போகும். பிற்பாட்டுக்கு இரண்டு போதும். ஆடிப் பாடுவோருக்காக மேடை விளிம்பில் தட்டை ஒலிவாங்கி வைத்தால், 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடச் சொல்லுங்கள். இல்லையேல் காலடிச் சத்தம்தான் முழங்கும். ஒலிபெருக்கிகள் ஒலிவாங்கிகளுக்கு முன்னால், சபையைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் நின்றால் கீச்சிடும்.

வெளிச்சத்தில் பலர் கோட்டைவிடுவது காலைத்தான். முன்விளக்கு முகத்துக்கு உதவும், ஆட்டத்துக்குப் போதாது. பக்கத் திரைகளின் இடுக்கில் முழங்கால் உயரத்தில் இரண்டிரண்டு விளக்கு வைத்தால் சதங்கை கட்டிய காலும் விரிந்து நிற்கும் கரப்புடுப்பின் சுழற்சியும் துலங்கும். ஊரில் அரங்கேற்றத்துக்கு முன் முழு ஒத்திகையாக அடுக்குப் பார்ப்பது போல, முழு உடுப்போடும் முழு விளக்கோடும் இங்கேயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மேடைக்கு மாபிள் பதித்திருக்கிறார்கள். ஆடலாமா?
– நடன ஆசிரியை, அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். சீமெந்தும் மாபிளும் காலடியின் அதிர்வைத் தாங்காமல் முழங்காலுக்கே திருப்பி அனுப்பும். வியர்வை சிந்தினால் வழுக்கும். விளக்கொளி கண்ணில் தெறிக்கும். உடைக்கத் தேவையில்லை. ரப்பர் துண்டுகளின் மேல் 40 சென்ரிமீட்டருக்கு ஒரு மரச்சட்டம் வைத்து, 18 மில்லிமீட்டர் பிளைவூட் இரண்டு அடுக்கை மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் திருகாணியால் பிணைத்து, பளபளப்பில்லாத கறுப்பு மை பூசுங்கள். மேடை கொஞ்சம் உயரும் என்பதால் முன்வரிசையையும் பாருங்கள். மொத்த உயரம் 1 மீட்டரைத் தாண்டினால் அங்கிருப்பவர்களுக்குப் பாதம் மறையத் தொடங்கும்.

கேள்வி: 1000 வாட் விளக்கு 12 வாடகைக்கு எடுக்கிறோம். சாதாரண இணைப்பு தாங்குமா?
– விழாக் குழு, கல்லடி

பதில்: தாங்காது. 230 வோல்ட்டில் 12,000 வாட் என்றால் 52 அம்பியர். வீட்டுக்குக் கிடைக்கும் 30 அம்பியர் இணைப்பு உடனே விழுந்துவிடும். மும்முனை இணைப்பில் முனைக்கு நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 17 அம்பியர் அளவில் நிற்கும். ஒலிக்கருவிகளை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிமர் உள்ள முனையில் கொடுக்காதீர்கள், ரீங்காரம் வரும். கல்லடியில் கடற்காற்று என்பதால், விளக்கைத் தூக்கும் கம்பிக்கயிறும் கொளுக்கியும் துருப்பிடிக்காமல் நாகம் (துத்தநாகம்) பூசியவையா என்று பாருங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். குத்துவிளக்கைத் திரைச்சீலையிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். ஏற்றி முடித்ததும், திரை விழுமுன் அதை அகற்ற ஒருவரைப் பொறுப்பாக நிறுத்துங்கள்.